நரி தொடாதது

"நரி எதைத்தான் திங்காது?" என்று கேட்டேன்.

பாலில்லாத கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சுருளிவேல் தலையைத் தூக்கவில்லை. "கல்லத் திங்காது. முள்ளத் திங்காது. ரெண்டையும் வச்சுத்தான் மூடியிருக்கேன். போயிப் படு, பேச்சி."

படுக்கவா? விடிகிற நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து நரிகள் ஊளையிட்டன. அந்தப் பக்கம்தான் என் பிள்ளையைப் புதைத்திருக்கிறார்.

மூத்த ரெண்டுக்குப் பிறகு இது மூணாவது. ஆண் பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. செத்துப் பிறந்ததைப் பெற்றவள் பார்த்தால் அடுத்தது தங்காதாம்.

சாந்தன்பாறை நரிகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெட்கம் கெட்ட ஜென்மங்கள். கோழி, எலி, ஓடை நண்டு, அதெல்லாம் போகட்டும். கீழே விழுந்த பலாப்பழத்தை விடாது. காப்பிப்பழத்தை விடாது. போன மழைக்கு எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் காயவைத்த செருப்பைத் தூக்கிப் போய் வாரைத் தின்றிருந்தது. செத்துப்போன கன்றுக்குட்டியை ஆள் ஆழத்துக்குப் புதைத்தும் தோண்டி எடுத்தது.

அதெல்லாம் தின்கிற நரி பச்சைப் பிள்ளையை விடுமா?

அவர் ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

தீட்டுக்காரி வாசலைத் தாண்டக் கூடாது. பொம்பளை குழிமேட்டுப் பக்கம் போகவே கூடாது. போங்கடா நீங்களும் உங்கள் சட்டமும் என்று கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினேன்.

மலையில் பனிமஞ்சு இன்னும் விலகவில்லை. பால் வற்றட்டும் என்று மாரில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தேன். பூப்பாறைக்குப் போய் அவரே வாங்கி வந்த பூ. குடிக்க ஆள் இல்லை என்று அந்தப் பாலுக்கு யார் சொல்வது? நடக்க நடக்க ரவிக்கை நனைந்தது.

எனக்குப் பிரசவம் பார்த்தது என் நாத்தனார் சின்னத்தாயி. அதற்கென்றே போடியிலிருந்து வந்திருந்தாள். பாவம், அவளுக்கு ஒரு புழு பூச்சி தங்கவில்லை. ஆனால் அவள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவைதான். தாயில்லாத என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அக்கா கேட்டு அவர் இல்லையென்று சொன்னதே கிடையாது.

பிரசவத்தன்று பேய்மழை. டிஸ்பென்சரி நர்ஸ் வர முடியவில்லை. வலியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு போனது. அப்போது ஒரு சத்தம் கேட்டது.

"மதினி, பிள்ள அழுவுது..."

"அது நரிடி. வெளிய நரி கத்துது. நீ கண்ண மூடு."

நான் முழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கூட வருகிறோம் என்ற லயத்து ஆட்களையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாகவே போய்ப் புதைத்தாராம். சின்னத்தாயி முதல் ஜீப்பிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லையாம்.

ஓடைக்கரை வந்தது.

மண் கிளறிக் கிடந்தது. நரி தோண்டிவிட்டது.

ஐயோ என்று உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் பார்த்தேன். ஒரு கல் இல்லை. ஒரு முள் இல்லை. அடப் பாவி மனுஷா, பெத்த பிள்ளை மேல் ரெண்டு கல்லைத் தூக்கி வைக்க உனக்குக் கை வலித்ததா? அந்த ஓடையில் இல்லாத கல்லா? வாய்விட்டே திட்டினேன்.

என் பழைய நீலச் சேலை குழிக்கு வெளியே கிழிந்து கிடந்தது. பிரசவத்தில் எனக்குக் கீழே விரித்தது. ரத்தம் பட்ட இடத்தையெல்லாம் நரி கடித்துக் குதறித் தின்றிருந்தது.

ஆனால் சேலைக்குள் இருந்தது குழியிலேயே கிடந்தது.

பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் ஒரு தடவையாவது தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். ஜில்லென்று இருந்தது. வழவழவென்று, பிள்ளைக் கனத்துக்கு இருந்தது. மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

முழ நீளத்துக்கு வெட்டிய வாழைமரத் துண்டு.

ஓரத்தில் ஒரே ஒரு பல் பதிந்திருந்தது. கடித்துப் பார்த்துவிட்டு நரி வேண்டாமென்று போயிருக்கிறது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் மழை ஞாபகம் வந்தது. அப்படிக் கொட்டுகிற மழையில் எந்த நரி வெளியே வந்து கத்தும்?

பிரசவத்துக்கு முன்பு, ஆடியில் வந்திருந்தபோதே சின்னத்தாயி கேட்டாள். "ரெண்டு போதும்னு டிஸ்பென்சரிச் செவுத்துலயே எழுதிப் போட்டிருக்கான். மூணாவத எனக்குக் குடுத்துரேன்."

"பிள்ள என்ன ஏலச்செடியா மதினி, பிரிச்சு நட?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

துண்டைக் குழியில் தள்ளிவிட்டு எழுந்தேன். மாரில் கட்டியிருந்த மல்லிகையை அவிழ்த்து அதன் மேலேயே வீசினேன்.

போடிக்குப் போய்ச் சேரும்வரை பால் வற்றிவிடக் கூடாது.