உங்கப்பாகிட்ட சொல்லு

"சுவாதி, ஹாரன் அடிச்சா லாரி பறந்து போயிடாதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

முன் சீட்டிலிருந்த ரேவதி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் மணிவேலின் காதில் அது நன்றாகவே விழுந்தது. ஆனாலும் செய்தி பின் சீட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தான்.

"அப்பா, ஹாரன் அடிச்சா லாரி பறந்து போகாதாம்," என்றாள் ஏழு வயது சுவாதி.

"ஓட்டத் தெரியாதவங்க வாயை மூடிக்கிட்டு வரணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, வாயை மூடிக்கிட்டு வரணுமாம்."

ஓசூரில் கிளம்பியதிலிருந்து இதே தூதுதான். சிங்காரப்பேட்டையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கே ரேவதி போய்விடுவதென்று நேற்று முடிவாகிவிட்டது. டிக்கியை சி.என்.ஜி. சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்ததால் அவளுடைய பைகளெல்லாம் பின் சீட்டில் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்குப் பின்னால் ஒரு மூலையில் சுவாதி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

முடிவாகாதது ஒன்றே ஒன்று. சுவாதி யாரிடம் இருப்பது? ஊர் போய்ச் சேர்வதற்குள் அதைப் பிள்ளை வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும் என்று இருவரும் கங்கணம் கட்டிக்கொண்டு வந்தார்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்கள்.

குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தினான் மணிவேல். சுவாதிக்கு ஒரு பன் வாங்கி நீட்டினான். அதைப் பார்த்துவிட்டு ரேவதி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். சுவாதி இரண்டையும் தொடவில்லை.

"ஓசூர்ல இருந்தா அதே ஸ்கூலு, அதே ஃப்ரெண்ட்ஸ். அப்பாகூடத்தான் இருப்பேன்னு சொல்லு கண்ணு."

"ஷிஃப்ட் முடிஞ்சு வந்து குப்புறப் படுத்துக்கறவருக்குப் புள்ள ஒரு கேடான்னு உங்கப்பாவைக் கேளு."

"நாளெல்லாம் போனை நோண்டிக்கிட்டு இவங்க வளர்த்துக் கிழிச்சதைத்தான் பார்த்தமேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இந்த முறை சுவாதி எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பெஞ்சிலிருந்த லாரி டிரைவர்களும் திரும்பிப் பார்க்கவே மணிவேலுக்கு மானம் போயிற்று.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, "வண்டியில ஏறு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தான். அவன் பின்னால் போவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்று ரேவதி வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். படார், படார் என்று இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன. கார் சீறிக் கிளம்பியது.

"கோர்ட்டுக்கே போனாலும் புள்ளைய விடமாட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

பின்னாலிருந்து பதில் வரவில்லை.

"உங்கம்மா பேசறத எடுத்துச் சொல்லவே உனக்குப் புடிக்கலேன்னு அவங்ககிட்ட சொல்லு."

அதற்கும் பதில் இல்லை. பிள்ளை தன் பக்கம் வந்துவிட்டாள் என்று ரேவதி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். மணிவேலும் அதையேதான் நினைத்துச் சந்தோஷப்பட்டான். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். திரும்பினால் பக்கத்து சீட்டு முகத்தையும் பார்க்க வேண்டிவரும், அதற்கு இருவருக்கும் மனம் வரவில்லை.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசை நின்றது. வெள்ளரிப் பிஞ்சு விற்கும் பெண் ஒருத்தி கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பாக்கெட் வாங்கிக்கங்க சார், ஆளுக்கு ஒண்ணு."

"ஒண்ணும் வேணாம், போம்மா," என்று எரிந்து விழுந்தான் மணிவேல். அவளும் அடுத்த காருக்குப் போய்விட்டாள்.

டோல்கேட்டைத் தாண்டியதும் அவன் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்க, குருபரப்பள்ளி டீக்கடையில இருந்து பேசறங்க. உங்க பாப்பா இங்கதான் இருக்குது. அதுதான் இந்த நம்பரச் சொல்லுச்சு."

கார் ரோட்டோரமாகக் கிறீச்சிட்டு நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பின் சீட்டில் பைகள் இருந்தன, ஒரு தலையணை இருந்தது. சுவாதி இல்லை.

"நீ பார்க்கலயா?"

"நீங்க பார்க்கலயா?"

நேற்றிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மணிவேல் போனைக் கையில் எடுத்தான். "மறந்து விட்டுட்டு வந்துட்டோம்க்கா. பத்து நிமிஷம் பார்த்துக்கங்க, இதோ வந்துடறோம்."

"நீங்க மறக்கலீங்க. அதுவாத்தான் கடைக்குப் பின்னால போயி நின்னுக்கிச்சாம். கார் போற வரைக்கும் தலையவே காட்டலயாம். நானே இப்பத்தான் பார்த்தேன்."

ரேவதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, அவகிட்ட போனக் குடுங்க. ஒரே ஒரு வார்த்தை பேசட்டும். என்கிட்ட பேசலேன்னாலும் பரவால்ல, அவங்கப்பாகிட்டயாவது பேசச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சுவாதி ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு கடைக்கார அம்மாள்தான் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"உங்ககிட்ட என்னையச் சொல்லச் சொல்லுதுங்க. ரெண்டு பேருமே வேணாமாம்."