தொண்ணூற்றாறு மார்க்

"மூச்சு முட்டுதா, உஸ்தா?"

"இல்ல டாக்டர்."

"நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி?"

"யாரும் உட்காரல. இடம் காலியாத்தான் இருக்கு."

டாக்டர் வஜ்தி சிவந்த கண்களைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். மழிக்காத முகம், கம்மிய குரல். காலையில் அவர் உள்ளே நுழைந்தபோதே, "இன்னிக்கு நீங்க வராமலே இருந்திருக்கலாம்" என்று நர்ஸ் இன்ஸாஃப் சொல்லிப் பார்த்தாள். "வீட்ல உட்கார்ந்து மட்டும் என்ன கிழிக்கப்போறேன்" என்று கை கழுவப் போய்விட்டார்.

மேஜைமேல் மல்லாந்து கிடந்தவர் ரிஃபாத், அலெக்சாண்ட்ரியாவில் டிராம் ஓட்டுகிறவர்; வண்டி ஓட்டுகிறவர்களை அங்கே மரியாதையாக 'உஸ்தா' என்பார்கள். மணிக்கட்டு வழியாக நுழைந்த மயிரிழைக் கம்பி ஒன்று, சற்றுமுன் வைத்த ஸ்டென்டைத் தாண்டி அவர் இதயத்தின் ரத்தக்குழாயில் நின்றது. வரவேண்டிய ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று அது சொல்லும். தொண்ணூறைத் தாண்டினால் ரிஃபாத் மறுபடி டிராம் ஏறலாம். தாண்டாவிட்டால் வருடத்துக்குள் இதே மேஜைக்குத் திரும்பி வர வாய்ப்பு அதிகம் என்பது டாக்டரின் கணக்கு. அப்படிப்பட்டவர் கையில் ஒரு வண்டி ஜனத்தை ஒப்படைக்க அவர் சம்மதிக்கமாட்டார்.

"தொண்ணூத்தாறு!" இன்ஸாஃப் படித்தாள். "பள்ளிக்கூடத்துலகூட இவ்வளவு மார்க் வாங்கியிருக்க மாட்டீங்க, உஸ்தா."

"எல்லாப் பாடத்தையும் சேர்த்தாலும் வராதும்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "இது பொய்."

"மெஷின் பொய் சொல்லுமா, டாக்டர்?"

"மெஷின் சொல்லாது, மனுஷன் சொல்வான். இப்ப நரம்புல ஏறுற மருந்து ரத்தத்தை முழு வேகத்துல ஓட விடும். அப்ப அளந்தாத்தான் அது அளவு. மருந்து ஏறினா மூச்சு முட்டும், முகம் சிவக்கும், நரகத்தை எட்டிப் பாத்துட்டு வந்தேன்னு அவனவன் சாமியைக் கூப்பிடுவான். நீங்க கடற்கரையில காத்து வாங்குற மாதிரி படுத்திருக்கீங்க. மருந்து வேலையே செய்யல. காபி குடிச்சிருந்தா செய்யாது. குடிச்சீங்களா?"

ரிஃபாத் கூரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொண்ணூற்றாறும் அவருக்கே, டிராமும் அவருக்கே. ஆனால் அண்ணன் நினைவு வந்தது. அண்ணனுக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். படத்தில் அழகாக இருக்கிறது என்று அளக்காமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதத்தில் சலூன் நாற்காலியிலேயே, பாதிச் சவரத்தில் போய்விட்டார். மீதிக் கன்னத்தையும் மழித்துவிட்டுத்தான் சலூன்காரர் ஆளனுப்பினார்.

"குடிச்சேன் டாக்டர்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"எத்தனை?"

"மூணு."

"ஒரு நாள் முழுக்கக் காபி வாசனைகூட ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? இந்த மார்க் செல்லாது. இன்னொரு நாள் மறுபரீட்சை. அதுல எவ்வளவு வருமோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்." கையுறைக் கைகளை இடுப்பில் வைக்கவும் முடியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு கத்தினார். "இதய நோயாளிக்கு மூணு காபி ஊத்துன கழுதை எது?"

"அதை விடுங்க டாக்டர்."

"எது அந்தக் கழுதை?"

"கழுதை இல்ல, நல்ல மனுஷன். பாவம், அவருக்கு அப்ப புத்தி புத்தியா இல்ல."

"புத்தி இல்லாதவன் காபி குடுப்பானாம், நீங்க வாங்கிக் குடிப்பீங்களாம். கதை விடாதீங்க. உங்க சம்சாரம்தானே?"

"ஐயோ, புஸைனாவா? அவ காபித்தூள் டப்பாவைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிட்டுத் தூங்குறா."

"இன்ஸாஃப், அந்தம்மாவை உள்ள கூட்டிட்டு வா. நான் கேக்குறேன்."

இன்ஸாஃப் கதவுவரை போய்விட்டாள். வெளியே புஸைனா விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இந்த வசவெல்லாம் அவள் தலையில் விழுவதை ரிஃபாத்தால் பொறுக்க முடியவில்லை.

"அவ குடுக்கல, டாக்டர். அது சர்க்கரை போடாத காபி."

இன்ஸாஃபின் கை கதவுப் பிடியிலேயே நின்றது. அந்த ஊரில் சர்க்கரை போடாத காபியை யாரும் ஆசைக்குக் குடிப்பதில்லை.

"துக்க வீட்டுக் காபியா?" டாக்டரின் குரல் இன்னும் ஏறியது.

"டாக்டர், போதும்..." என்றாள் இன்ஸாஃப்.

"நீ சும்மா இரு. ஏன் உஸ்தா, செத்தவங்களுக்கு மரியாதை பண்ணப்போய், பக்கத்துலயே நமக்கும் ஒரு இடம் போட்டுவைக்கலாம்னு பாத்தீங்களா? வேண்டாம்னு சொல்ல வாய் இல்ல?"

"வாய்வரைக்கும் வந்துச்சு. குடுத்தவர் முகத்தைப் பாத்தேன், உள்ள போயிருச்சு."

"எவன் அவன்? பேரைச் சொல்லுங்க."

ரிஃபாத் கம்பி இல்லாத கையை நீட்டி, டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான், டாக்டர்," என்றார் மெதுவாக. "பந்தல் வாசல்ல கையைப் பிடிச்சேன், நான் யாருன்னே உங்களுக்குத் தெரியல. 'எங்கம்மாவுக்காக ஒரு வாய்'னு மூணு தடவையும் நீங்கதான் குடுத்தீங்க."