படலருகே ஓர் இடம்

அந்த ஆட்டுப்பட்டிக்கு வாசலில் ஒரு மூங்கில் படல்தான் கதவு. அதை ஒட்டி உட்பக்கம் படுப்பது காவல்நாயின் உரிமை. கருவாயன் என்ற நாய் ஏழு வருஷம் அங்கே படுத்து எத்தனையோ நரிகளை விரட்டியது. போன கோடையில் அதுவே செவலை ஆட்டின் குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டது.

துரத்தப்பட்ட கருவாயன் ஆறு மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் அழுதது.

“தப்பை ஒத்துக்கிட்டான், மன்னிச்சுட்டோம். பழைய இடத்துலயே படுக்கட்டும்,” என்றது பெரிய கிடா. மற்ற ஆடுகளும் தலையாட்டின.

“மன்னிக்க எனக்கும் சம்மதம்தான், மாமா,” என்றது செவலை. “நம்மகூட இருக்கட்டும், நம்ம தொட்டியில தண்ணி குடிக்கட்டும். படலை எதுக்கு மறுபடி அவன்கிட்ட கொடுக்கணும்?”

“உன் மனசுல இன்னும் கசப்பு போகலை,” என்றது கிடா.

பொழுது சாய்ந்ததும் கருவாயன் படலருகே போய்ப் படுத்தது.

“அம்மா, அக்காவைக் கடிச்சது இவர்தானே?” என்று கேட்டது செவலையின் இன்னொரு குட்டி.

“சத்தம் போடாதே.”

ஆடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் குட்டிகளை எதிர்மூலைக்குத் தள்ளிக்கொண்டு போயின. அங்கே கிடாவின் பேரக்குட்டி ஏற்கெனவே படுத்திருந்தது.

அப்போது வெளியே நரி ஊளையிட்டது. கருவாயன் எழுந்து நின்றது.

எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுவது என்று ஆடுகளுக்குத் தெரியவில்லை.