நெஞ்சு மாத்திரை

மருந்துப் பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து, அதன்மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள் அம்மா. சுரண்டிய துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அடுப்பில் போட்டாள். பிறகு ஒரு மாத்திரையை எடுத்து, மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

அது என்ன என்று அவன் பார்க்கக்கூட இல்லை. ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டு, "வர்றேம்மா" என்று சைக்கிளை எடுத்தான்.

நல்ல பிள்ளை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், அம்மா கொடுத்தால் கேள்வி கிடையாது. பிறவியிலேயே நெஞ்சு பலவீனம், அதற்குத்தான் மாத்திரை என்று சொல்லி வளர்த்திருந்தாள்.

அவன் நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து அவனுக்கும் வந்தது எச்.ஐ.வி. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். இந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதே சந்தேகம் என்று அப்போதிருந்த டாக்டர் கையை விரித்தார்.

பிள்ளை பள்ளிக்கூடம் போய், படிப்பு ஏறாமல், மீசை வைத்து, மோட்டார் மெக்கானிக்கும் ஆகிவிட்டான். எல்லாம் அந்த மாத்திரை செய்த வேலை.

தும்மினால்கூட நாலு வீட்டில் விசாரிக்கிற ஊர் அது. அதனால் பஸ் மாறி பஸ் ஏறி, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் தனக்கும் அவனுக்கும் அவள் மாத்திரை வாங்குவாள். நெஞ்சுக்குப் பரிசோதனை என்று சொல்லி, வருஷத்துக்கு ஒரு தடவை அவனையும் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்கவைப்பாள். அங்கே வரிசையில் பார்த்த முகத்தை வெளியே எங்கு பார்த்தாலும் தெரியாததுபோலப் போய்விட வேண்டும். யாரும் சொல்லித் தராமலே எல்லாரும் காப்பாற்றுகிற மரியாதை அது.

முதலில் பயந்து பயந்து போனாள். இப்போது பயமும் இல்லை, அழுகையும் இல்லை. எல்லாம் மரத்துப்போய்விட்டது.

போன மழைக்காலத்தில் மோட்டார் விசிறியில் மகன் விரலை வெட்டிக்கொண்டான். கட்டுப்போட ஓடிவந்த பட்டறைக்காரரைக் கிட்டேயே விடவில்லை. தானே துணியைச் சுற்றிக்கொண்டு, தரையில் சொட்டியதையும் தானே துடைத்தானாம். "உன் பிள்ளைக்கு ரொம்பத்தான் கூச்சம்" என்று பட்டறைக்காரர் சிரித்தபோது அவளும் சிரித்துவைத்தாள்.

இப்போது அவனுக்குக் கல்யாணம். விதைக்கடையில் வேலை பார்க்கும் பெண். அவனே பார்த்து, அவனே பேசி, கடைசியில்தான் அம்மாவிடம் வந்து நின்றான்.

"தாராளமா பண்ணுங்கம்மா" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். "அவன் ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கு. மாத்திரைய விடாம சாப்பிட்டா பொண்ணுக்கு வராது. பிள்ளைக்கும் வராம பாத்துக்கலாம். ஆனா பொண்ணுகிட்ட மறைக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி பையன்கிட்ட சொல்லுங்க."

பையனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், யாரிடமிருந்து வந்தது என்று அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான். அந்த ஒரு பார்வையை அவளால் தாங்க முடியாது. அதைவிடக் கல்யாணமே நின்றுபோகட்டும் என்று முடிவு செய்துகொண்டு விதைக்கடைக்குப் போனாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. அந்தப் பெண் முக்காலியில் உட்கார்ந்து கோணியூசியால் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அத்தை. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே?"

அம்மா மூட்டைமேல் உட்கார்ந்தாள். "இந்தக் கல்யாணம் வேண்டாம்மா. பிடிக்கலன்னு நீயே அவன்கிட்ட சொல்லிடு."

ஊசி நின்றது. "எனக்குப் பிடிச்சிருக்கே அத்தை."

"வேற யாரையோ பிடிச்சிருக்குன்னு சொல்லு. எதையாவது சொல்லு."

"அவரு உடைஞ்சு போயிடுவாரு."

"கொஞ்ச நாள் உடைஞ்சு கிடப்பான். அப்புறம் ஆறிடும். இது ஆறாது." அம்மா குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. கடையில் விதை விலை கேட்பவள் மாதிரிதான் பேசினாள். "அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கு. பிறக்கும்போதே. என்கிட்டேருந்து வந்தது."

ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெண் எழுந்து வெளியே ஓடுவாள், குறைந்தபட்சம் முக்காலியையாவது பின்னால் நகர்த்துவாள் என்று காத்திருந்தாள்.

பெண் நகரவில்லை. நூலை முடிச்சுப்போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அம்மா செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "உன்னை நான் குத்தம் சொல்லமாட்டேன். நீ நல்லா இருக்கணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு கொடு. காரணத்தை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத. நெஞ்சு பலவீனம்னுதான் இன்னிவரைக்கும் நினைச்சிட்டிருக்கான். தெரிஞ்சா தாங்கமாட்டான்."

பெண் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். எதையோ சொல்லலாமா, கூடாதா என்று தடுமாறுவது முகத்தில் தெரிந்தது.

"பழகின முதல் நாளே எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டாரு அத்தை" என்றாள் மெதுவாக. "தனக்குத் தெரியும்கிறது அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது, தாங்கமாட்டாங்கன்னாரு."