ராணியைத் திருப்பிக் கொடுத்தவன்

“அக்கா, இவள இப்ப விட்டா அப்புறம் கிடைக்கவே மாட்டா” என்று முணுமுணுத்தான் கார்த்திகேசு.

கனகேஸ்வரிக்கு மனம் குளிர்ந்துபோனது. தம்பிக்குப் பெண்ணின்மேல் இன்னும் அதே ஆசைதான்! பெண் இன்னும் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தம்பியின் கண் போன இடத்தைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரை. சதுரங்கக் கட்டங்கள். நடுவில் ஒரு கறுப்பு ராணி.

“தப்பிச்சுட்டா” என்று தொடையில் தட்டிக்கொண்டான் அவன்.

கிள்ளானிலிருந்து பெண் பார்க்க இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வரும்வரை காரில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அங்க போயி எந்த கேமையும் தொட்டுடாதடா.” வந்து உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா கனகசபை கெடுத்துவிட்டார். “தம்பி கேம்ஸ்ல கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டேன். சந்திரகலா வர்ற வரைக்கும் ஒரு ஆட்டம் போடுங்களேன். உள்ள போற ஒயரு கால்ல மாட்டிக்காம உக்காருங்க.”

சந்திரகலா வீட்டிலேயே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். கூடத்தில் ஒன்றும் உள்ளறையில் ஒன்றுமாக வீட்டில் இரண்டு இருந்தன. கார்த்திகேசுவுக்குக் கோவிலுக்குள் வந்ததுபோல் இருந்தது.

“கேம் விளையாடினா புத்தி கெட்டுப் போயிடும்ங்கிறாங்களே தம்பி?” என்று கேட்டார் கனகசபை.

“கெடறதுக்கு மொதல்ல இருக்கணுமே அங்கிள்.”

கனகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாருங்க, இதுக்கு முன்னாடி பார்த்த வீட்டுல கேம்ஸ் பைத்தியம்னு சொல்லிட்டாங்க. அதுக்கும் முன்னாடி வீட்டுல அதையே இங்கிலீஷ்ல சொன்னாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல” என்றான் அவன், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

கொலுசுச் சத்தம் கேட்டது. சந்திரகலா காப்பித் தட்டோடு வந்து அவன் முன்னால் நின்றாள். அவனோ திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“இவ்ளோ நேரம் டக்கு டக்குன்னு ஆடுச்சு. இப்ப என்னா இப்படி யோசிக்குது?” என்றபடி கையை மட்டும் நீட்டிக் கோப்பையை எடுத்துக்கொண்டான். “தேங்க்ஸ் ஆன்டி.”

கனகேஸ்வரி அவன் விலாவில் இடித்தாள். அவன் தலை நிமிர்வதற்குள் சந்திரகலா திரும்பி நடந்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை.

“ஆன்டியாடா அது? பொண்ணுடா!”

கார்த்திகேசுவின் முகம் வெளிறியது. அவளை அவனுக்கு முன்பே தெரியும். கந்தசுவாமி கோவிலில், தொலைந்துபோன யாரோ ஒரு குழந்தையின் அம்மாவைத் தேடிப் பிரகாரமெல்லாம் அலைந்தாள். அன்றைக்கே இவள்தான் என்று முடிவு செய்துவிட்டான். இந்தச் சம்பந்தத்தைப் பேசச் சொல்லி அக்காவைப் போட்டு நச்சரித்தவனும் அவன்தான். இப்போது அவளுக்கே ஆன்டி பட்டம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் கறுப்பு ராணி நகர்ந்தது. நேராக வந்து அவனுடைய குதிரையின் வாயிலேயே நின்றது.

“அடிங்க தம்பி, ஆட்டம் முடிஞ்சிரும்” என்றார் கனகசபை.

கார்த்திகேசு அடிக்கவில்லை. நகர்த்தியதைத் திரும்ப எடுக்கும் பொத்தானை அழுத்தினான். ராணி பழைய கட்டத்துக்கே போய் நின்றது.

“என்னா தம்பி இது?”

“தெரியாம வெச்சிருக்கு அங்கிள். பாவம்.”

“வெறும் ஆட்டம்தானே. இதுல எதுக்கு இரக்கம்?”

கார்த்திகேசு வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். “வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஆபிஸ் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வெச்சுக் கும்புடறோம்லா. அது தடுக்கி விழும்போது ஏறி மிதிச்சா நல்லாவா இருக்கும்? அதுக்கு வலிக்காதுதான். ஆனா எனக்குப் பழகிப் போயிடும். அப்புறம் மனுஷன் தடுக்கி விழுந்தாலும் கை தானா அடிச்சிரும்.”

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இன்னொன்னு அங்கிள். பின்னால ஒரு காலத்துல இதெல்லாம் மனுஷன் மாதிரியே பேசுமாம். அந்தப் பக்கம் இருக்கிறது மெஷினா ஆளான்னே தெரியாதாம். எதுக்கும் இப்பவே மரியாதையா பழகி வெச்சுக்கிறது நல்லதுதானே?”

அவர் சட்டென்று இருமினார்.

ராணி பிழைத்ததும் ஆட்டம் மாறியது. சற்று நேரத்தில் கார்த்திகேசுவின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டான். கார்த்திகேசு எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கைகூப்பினான்.

“ஆட்டத்துலயும் தோத்தாச்சு” என்று பல்லைக் கடித்தாள் கனகேஸ்வரி. “பொண்ணு மூஞ்ச ஏறெடுத்துப் பார்க்கல. மெஷினுக்குக் கும்புடு போடற. எந்தப் பொண்ணுடா உன்ன கட்டிக்கும்?”

“திட்டாதக்கா. நானா இருந்தாலும் என்னை வேணாம்னுதான் சொல்லுவேன்” என்றான் அவன். “அங்கிள், அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க. நாங்க கிளம்பறோம்.”

“இருங்க தம்பி. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.” கனகசபை வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குள் போனார்.

கார்த்திகேசு முருகனைக் கூப்பிடக்கூட வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“சந்திரா, என்னாம்மா சொல்ற?” கனகசபையின் குரல் வெளியே கேட்டது.

“எனக்குச் சம்மதம்ப்பா.”

கனகேஸ்வரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கார்த்திகேசு தன் காதை நம்பாமல் நிமிர்ந்தான்.

உள்ளேயிருந்து மறுபடியும் அந்தக் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது.

“இவ்ளோ நேரம் அவர்கூட ஆடினது நான்தான்னு மெதுவா சொல்லுங்கப்பா.”