அளவெடுத்த வீடு

கட்டிலின் நான்கு கால்களும் தரையில் இருந்த நான்கு குழிகளுக்குள் சொல்லிவைத்தாற்போல் இறங்கி உட்கார்ந்தன. தையல்காரிக்கு முதுகு சில்லிட்டது.

"இங்க பாருங்க. யாரோ நம்ம கட்டில அளந்து குழி வெட்டின மாதிரி இருக்கு."

"செகண்ட் ஹேண்ட் கட்டில்மா. ஊர்ல பாதிக் கட்டில் இந்த அளவுதான்" என்று கணவன் கையைத் தட்டிக்கொண்டான்.

கல்யாணமாகி ஒரு மாதம். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த இந்த மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கு வந்து ஒரு நாள். வீட்டுக்காரரின் நிபந்தனை ஒன்றே ஒன்று: புதிதாக ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. சுவரில் இருக்கிற ஆறு ஆணிகளை வைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

ஆறும் சரியாகப் போதுமானவையாக இருந்தன. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது. கணவனின் பழைய பெட்டியிலிருந்து வந்த ஆற்றங்கரைப் படத்தை மாட்டியதும், சுவரில் வெளுக்காமல் இருந்த சதுரத்தை அது ஓரம் பிசகாமல் மூடிக்கொண்டது. கழுத்தில் கிடந்த டேப்பால் அளந்து பார்த்தாள். நூலிழை வித்தியாசம் இல்லை.

இந்த வீட்டில் அவளுடையது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு வட்டக் கண்ணாடி. அண்ணன் வீட்டில், அண்ணியின் பீரோ நிழலில் பத்து வருடம் படுத்து எழுந்தவள் அவள். தனக்கென்று ஒரு சுவர் கிடைத்தால் எப்படியெல்லாம் அழகு பண்ணலாம் என்று போனில் நூறு படம் சேர்த்து வைத்திருந்தாள்.

ஆணிதானே கூடாது, பசைக் கொக்கியில் கண்ணாடியை மாட்டினாள். காலையில் அது தரையில், சுவரில் சாய்ந்து நின்றது. மறுநாள் மாட்டினாள். மறுநாளும் தரையில்தான். மூன்றாம் நாளும் அதே கதை. பேய்க்கும் ஈவிரக்கம் இருந்தது போலும், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"இந்த வீட்ல யாரோ இருக்காங்க. நான் எதையாவது மாட்டினா அவங்களுக்குப் பிடிக்கல" என்றாள், வேலைக்குக் கிளம்பிய கணவனிடம்.

"அப்படின்னா வாடகையில பாதி கேளு."

"விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. இது என் வீடு மாதிரியே இல்ல."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு பச்சைக் கவுனை எடுத்துவந்து நீட்டினான். "இதப் போட்டுக்க. எல்லாம் சரியாயிடும்."

போட்டுப் பார்த்தாள். அவளுக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். கடைத் துணி எதையும் பிரித்துத் தைக்காமல் அவள் போட்டதே கிடையாது. இந்தக் கவுனோ தோளில் வழுக்கிக்கொண்டு போய் அமர்ந்தது. இடுப்பில் ஒரு தையலைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

"யாருங்க அளவு குடுத்தது?"

"உன் கடைக்குச் சட்டை தைக்க வந்தேனே, அன்னிக்கே கண்ணால அளந்துட்டேன். இல்லன்னா மறுவாரமே பொண்ணு கேட்டு வருவேனா?"

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. ஊரையே அளக்கிறவளை ஒருவன் அளந்திருக்கிறான். குடிவந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

அவன் போனதும் அதே உற்சாகத்தில் திரைச்சீலையை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். தூசி வெளியே போகட்டும் என்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த எதிர்வீட்டு அக்கா மூன்று மாதம் கழித்து இன்று வருகிறாள் என்று காவலாளி சொல்லியிருந்தார்.

திரைச்சீலையின் அடிமடிப்பு சன்னல் விளிம்பை மயிரிழையில் தொட்டு நின்றது. யாரோ பொறுமையாகக் கையால் போட்ட தையல். கடையில் வாங்கியது என்றல்லவா கணவன் சொன்னான்?

பின்னால் காலடிச் சத்தம் வாசற்படியில் வந்து நின்றது.

"பச்சைக் கவுனப் பார்த்தேன், முதுகப் பார்த்தேன், நீதான்னு தெரிஞ்சுபோச்சு" என்றது ஒரு பெண்குரல், நெடுநாள் பழகிய உரிமையோடு.

தையல்காரியின் கை திரைக்கம்பியிலேயே நின்றுவிட்டது.

"எல்லாத்தையும் பழையபடி அது அது இடத்துல வெச்சா, விட்டுட்டுப் போன பொண்டாட்டி தானா வந்து நிப்பான்னு உன் புருஷன் சொன்னப்ப, நான்தான்டி நம்பல."