வீட்டுக்குள் வந்த பூ

டெர்வ்லா தோட்டத்தில் வளர்த்த சின்ன ஹாத்தார்ன் முள்மரம் அந்த மே மாதம்தான் முதன்முதலாகப் பூத்தது. ஒரு கொத்தை ஒடித்து வந்து சமையலறை மேசையில் வைத்தாள்.

உள்ளே வந்த மாமியார் ஃபிலோமினா பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! வெளிய எறிடி! இந்தப் பூ வீட்டுக்குள்ள வந்தா அந்த வீட்டுத் தாய் செத்துப்போவான்னு அயர்லாந்துல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"அழகா இருக்கேன்னு வெச்சேன், அத்தை. இந்தக் காலத்துல போய் இதையெல்லாம் நம்புவாங்களா?"

"பொண வாடை அடிக்குதுடி!"

"நேத்து என் சூப்பையும் அப்படித்தானே சொன்னீங்க?"

கணவன் கோர்மாக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எடுத்துடேன், டெர்வ்லா."

"இது என் வீடும்தான். பூ இங்கதான் இருக்கும்."

"அப்ப நான் இருக்க மாட்டேன். காரை எடுடா கோர்மாக், கால்வே ஊர்ல இருக்கற உன் அக்கா வீட்டுல கொண்டுபோய் விடு. இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கார் மறைந்ததும் டெர்வ்லா கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான வருடமே அந்த மரத்தை நட்டு, தண்ணீர் ஊற்றி, கிளை நறுக்கி வளர்த்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். இனி சமையலறை அவளுடையது. கோர்மாக்கும் அவளுடையவன்.

தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது கைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து நர்ஸ்.

"வாழ்த்துகள்மா! உங்க தலைசுத்தலுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. நீங்க அம்மாவாகப் போறீங்க!"

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள் டெர்வ்லா. மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.